மாணவர் குடியிருப்புகள் வந்தால் சிறு நகரத்தின் மையப்பகுதி மீண்டும் உயிர்பெறுமா?

பெறும், ஆனால் கட்டடம் எழும்பினால் மட்டும் போதாது. நகர மையம் முதலில் சாவது மாலையில்தான். அலுவலகங்கள் மூடியதும் ஷட்டர்கள் இறங்கும், தெரு இருண்டுவிடும். மாடிகளில் மாணவர்கள் குடியிருந்தால் இரவு பத்து மணிக்கும் ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும். கீழே நகலகமோ உணவகமோ திறந்திருக்கக் காரணம் கிடைக்கும்.

அமெரிக்காவின் சவானா நகரம் எனக்குப் பிடித்த உதாரணம். 1978-இல் அங்கே தொடங்கிய கலை, வடிவமைப்புக் கல்லூரி ஊருக்கு வெளியே வளாகம் கட்டவில்லை. மையத்திலிருந்த தன்னார்வப் படைவீரர்களின் பழைய ஆயுதக்கிடங்குக் கட்டடத்தைப் புதுப்பித்துக் குடிபுகுந்தது. பிறகு பல பழைய கட்டடங்களையும் மீட்டெடுத்தது.

நான் முதலில் பார்ப்பது தரைத்தளத்தை. உடற்பயிற்சிக்கூடம், உணவுக்கூடம், வாகன நிறுத்தம் எல்லாம் மதிலுக்குள்ளேயே இருந்தால் தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. கதவுகள் நடைபாதையைப் பார்த்துத் திறக்க வேண்டும்.

விடுமுறையில் வியாபாரம் படுத்துவிடும் என்பதும் உண்மை. அதைவிடக் கவலை வாடகை: நான்கு மாணவர்கள் பங்குபோட்டுக் கொடுக்கும் தொகையை ஒரு குடும்பம் தனியாகக் கொடுக்க முடியாது. குடும்பங்கள் வெளியேறினால் பள்ளிக்கூடமும் காலியாகும். அதனால் மாணவர் வீடுகளோடு குடும்ப வீடுகளும் கலந்திருக்க வேண்டும். சேர்க்கை குறையும் ஆண்டில் சுவரை எடுத்துக் குடும்ப வீடாக மாற்றும்படி வரைபடத்திலேயே வழி வைக்கச் சொல்லுங்கள்.