பழைய கிட்டாருக்குப் புது நெக்: அளவு எடுத்த பிறகே ஆர்டர்

கேள்வி: என்னிடம் இருப்பது டிரெட்நாட் என்ற பெரிய உடம்பு வகை ஸ்டீல் ஸ்டிரிங் கிட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது, ஒலியும் பிடித்திருக்கிறது. நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் கழுத்து மட்டும் முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் இருக்கும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பியும் பலன் இல்லை. தனியாக நெக் செய்து தருபவர் ஒருவர் கிடைத்திருக்கிறார், அளவுகளைக் கேட்கிறார். என்னென்ன கொடுக்க வேண்டும்? வந்ததும் நானே மாட்டிவிடலாமா?

பதில்: மரவேலையில் கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தால் மாட்டலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பழைய நெக்கைக் கழற்றுங்கள், உடம்பை அளந்துகொள்ளுங்கள், அதற்கப்புறம் ஆர்டர் கொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கையில் அழகான நெக்கை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம். உண்மையிலேயே முறுக்குதானா? முதல் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் ஒன்று, 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஒன்று என்று நேரான இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் சாவிகள் இருக்கும் தலை) பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லை என்றால் முறுக்கு. ட்ரஸ் ராட் முன்பின் வளைவை மட்டும்தான் சரிசெய்யும், முறுக்குக்கு அது மருந்தல்ல. முறுக்கு லேசாக இருந்தால் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, அவை பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டைச் சமமாக்கி, புது ஃப்ரெட் அடித்தாலே போதும். குச்சிகள் இணையாக இருந்து, கம்பி மட்டும் உடம்பை நோக்கிப் போகப் போக உயரமாக இருந்தால் கெட்டது நெக் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் கோணம். அந்த நெக்கையே கழற்றிக் கோணம் மாற்றி ஒட்டிவிடலாம். மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கிட்டார் மாதிரி மதிப்புள்ள கிட்டாராக இருந்தால் இந்த இரண்டு வழிகளையும் பார்க்காமல் நெக்கை மாற்றவே கூடாது. அசல் நெக் போனால் விலையும் சேர்ந்து போய்விடும்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒலித்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டு, நெக் வந்து சேரும் உள்கட்டையைப் பாருங்கள். போல்ட் தலை தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சில கிட்டார்களில் கட்டையின் மேல் லேபிள் ஒட்டி மறைத்திருப்பார்கள், அதையும் தடவிப் பாருங்கள். போல்ட் இல்லையென்றால் பெரும்பாலும் டவ்டெயில்: நெக்கின் முனை விசிறி போல விரிந்து, கட்டையில் குடைந்த பள்ளத்துக்குள் பசையோடு இறங்கியிருக்கும். நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டார்களில் பல ஸ்பானிஷ் ஹீல் முறையில் செய்தவை. பக்கப் பலகைகளே நெக்கில் வெட்டிய பிளவுக்குள் செருகியிருக்கும், கழற்ற இணைப்பு என்று ஒன்று கிடையாது. டெய்லர் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த என்டி நெக்குக்கும் வெளியே செய்து பொருத்துவது வேண்டாத வேலை. அதன் கோணத்தை நிர்ணயிப்பவை அவர்கள் வெட்டித் தரும் மெல்லிய அடைப்புத் துண்டுகள்.

டவ்டெயிலைப் பிரிக்க, 14ஆம் ஃப்ரெட்டில் உடம்போடு சேரும் நெக்காக இருந்தால், 15ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கி அந்தக் கோட்டில் சின்னத் துளை போட்டு ஆவி செலுத்துவார்கள். பிரஷர் குக்கரிலிருந்து குழாய் இழுத்துச் செய்பவர்களும் உண்டு. உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆவி மேல்பலகையின் பாலிஷை வெளுக்க வைக்கும், உள்ளே பலகையைத் தாங்கும் விட்டக்கட்டைகளின் பசையையும் இளக்கும். அந்த வம்பெல்லாம் நெக்கைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு. உங்கள் நெக் குப்பைக்குத்தானே போகிறது? மேல்பலகையின் மீது நீண்டிருக்கும் ஃப்ரெட்போர்டு நாக்கை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியைப் பொறுமையாக நுழைத்து விடுவியுங்கள். பிறகு உடம்பின் மேல் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு, ஹீலை (உடம்போடு சேரும் நெக்கின் அடிப்பகுதி) உடம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். பள்ளத்தில் மிஞ்சியதைக் கூரான உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுக்கலாம். எந்தப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் இந்த முறை நடக்கும்.

அறுப்பதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் வரிப்பள்ளத் துண்டு) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மார்ட்டின் டிரெட்நாட்டின் ஸ்கேல் 25.4 அங்குலம், அதாவது 645 மி.மீ. நம் ஊரில் நிறைய பேர் கையில் இருக்கும் யமஹா எஃப்310இல் அது 634 மி.மீ. இரண்டிலும் நெக் 14ஆம் ஃப்ரெட்டில்தான் உடம்பைத் தொடுகிறது. ஸ்கேலை 0.4454ஆல் பெருக்கினால் உடம்பு விளிம்பிலிருந்து சேடில் (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) இருக்க வேண்டிய தூரம் வரும்: மார்ட்டினுக்கு 287, யமஹாவுக்கு 282 மி.மீ. மார்ட்டின் அளவு நெக்கை யமஹா உடம்பில் மாட்டினால் சேடில் 5 மி.மீ. முன்னால் நிற்கும். திறந்த கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் ஸ்வரம் ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடிப் பேசும். பிரிட்ஜைப் பெயர்த்து நகர்த்தினாலொழிய இதற்குத் தீர்வு இல்லை. நிஜ சேடில் கணக்கு காட்டும் இடத்தைவிடச் சராசரியாக இரண்டு, இரண்டரை மி.மீ. பின்னால், சாய்வாக இருக்கும். கம்பியை அழுத்தும்போது கூடும் இழுவிசைக்கான ஈடு அது, பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

நெக் செய்பவருக்கு ஸ்கேலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை: எந்த ஃப்ரெட்டில் உடம்பு தொடங்குகிறது, நட்டிலும் அந்த இடத்திலும் ஃப்ரெட்போர்டின் அகலம், ஃப்ரெட்போர்டின் கனம், ஒலித்துளை வரை நாக்கின் நீளம், அந்த இடத்தில் உடம்பின் ஆழம், ஹீல் உட்காரும் பக்கம் தட்டையா வளைவா என்பது. ட்ரஸ் ராடை ஒலித்துளை வழியாகத் திருப்புவதா, ஹெட்ஸ்டாக்கிலிருந்தா என்றும் சொல்ல வேண்டும். ஒலித்துளை என்றால் நடுவில் இருக்கும் விட்டக்கட்டையில் சாவி நுழைய ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரல் வாசிப்புக்காக நட்டை 43இலிருந்து 44.5 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் பிரிட்ஜில் கம்பிகளின் இடைவெளி மாறாது என்பது நினைவிருக்கட்டும். முக்கியமாக, ஹீலின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு அனுப்பச் சொல்லுங்கள். தேய்த்துக் குறைக்கலாம், குறைந்ததை ஒட்ட முடியாது.

இணைப்பு பற்றி என் கருத்து இது: டவ்டெயிலுக்குப் பதில் டவ்டெயில் செய்யாதீர்கள். வெளியூரில் இருப்பவர் உங்கள் பள்ளத்தின் சரிவைப் பார்க்காமல் அச்சாக வெட்டித் தர முடியாது. பழைய பள்ளத்தை இறுக்கமான கட்டையால் அடைத்து ஒட்டிவிட்டு, ஹீலில் மரையுள்ள பித்தளைக் குழாய் இரண்டைப் பதித்து, உள்ளிருந்து இரண்டு போல்ட்டால் பிடியுங்கள். போல்ட் போட்டால் ஒலி செத்துவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். டெய்லர் தொடக்க காலத்திலிருந்தே போல்ட்தான் போடுகிறது, அந்தக் கிட்டார்கள் கச்சேரி மேடைகளில் நன்றாகவே ஒலிக்கின்றன. லைட் செட் என்ற மெல்லிய கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், அந்த இழுப்பில் முதலில் திறக்கப் பார்ப்பது ஹீலின் அடிப்பக்கம். அதனால் கீழ் போல்ட்டை ஹீலின் நுனிக்கு எவ்வளவு அருகே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நல்லது.

புது நெக் வந்ததும் கிட்டார் இருக்கும் அறையிலேயே இரண்டு வாரம் கிடக்கட்டும். கடலோர ஊர் ஈரத்துக்கு மரம் பழக வேண்டும்.

பொருத்தும்போது கவனம் எல்லாம் கோணத்தில். நெக்கை மாட்டி, நீளமான நேர் அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வையுங்கள். அதன் முனை சேடில் இல்லாத பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கம்பி மாட்டியதும் இழுப்பில் நெக் சற்று முன்னால் வரும் என்பதால் ஒரு மி.மீ. உயரமாக நின்றாலும் பரவாயில்லை. அளவுகோல் பிரிட்ஜில் இடித்தால் ஹீலின் அடியைத் தேய்க்க வேண்டும். எவ்வளவு? பிரிட்ஜில் வேண்டிய உயரத்தை ஹீலின் ஆழத்தால் பெருக்கி, உடம்பு விளிம்பிலிருந்து சேடில் வரையுள்ள தூரத்தால் வகுங்கள். 3 மி.மீ. ஏற வேண்டும், ஹீல் 95 மி.மீ. ஆழம், தூரம் 287 என்றால் அடியில் ஒரே ஒரு மி.மீ. போதும். மேல்பகுதிக்குப் போகப் போக அது பூஜ்யமாகிவிட வேண்டும். உளியால் தோராயமாக எடுத்துவிட்டு, உப்புத்தாள் நாடாவை ஹீலுக்கும் உடம்புக்கும் நடுவே சொரசொர முகம் ஹீலைப் பார்க்கும்படி வைத்து, நெக்கை அழுத்திக்கொண்டு உருவுங்கள். இந்தப் பக்கம் எத்தனை இழுப்போ, அந்தப் பக்கமும் அத்தனை. கூடக்குறைய இழுத்தால் நெக் பக்கவாட்டில் திரும்பும். ஏற்கெனவே திரும்பியிருந்தால் அதே தந்திரத்தை ஒரு பக்கம் மட்டும் செய்து நேராக்கலாம். ஒன்றாம் ஆறாம் கம்பிகளின் இடத்தில் நூல் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நூலுக்கும் ஃப்ரெட்போர்டு விளிம்புக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

போல்ட்டைக் கைபலம் முழுக்கப் போட்டு முறுக்காதீர்கள், பித்தளைக் குழாய் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நாக்கின் அடியில் மெல்லியதாகச் சாதாரண ஃபெவிகால் போதும், எபாக்ஸி வேண்டாம். நாளைக்கு யாராவது இதைத் திரும்பக் கழற்ற வேண்டி வரும்.

நட், சேடில், ஃப்ரெட் சமன்செய்தல் மூன்றும் கடைசியில்தான். 14ஆம் ஃப்ரெட்டைத் தாண்டி மேடு தெரியாமல் இருக்காது, அதை அப்போது ராவிக்கொள்ளலாம். 12ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி இரண்டரை மி.மீ., ஒன்றாம் கம்பி இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்து, ஒரு வாரம் முழுச் சுருதியில் விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உயரம் கூடியிருந்தால் சேடிலைத் தேய்க்கும் முன் கீழ் போல்ட்டைச் சோதியுங்கள்.