தொப்பூர் இறக்கத்துக்குக் கேமரா மட்டும் போதுமா? – கேள்வி பதில்

போக்குவரத்துத் திட்டமிடலில் புழங்கும் சில சொற்களைப் பற்றி நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

காரிமங்கலம் பாலிடெக்னிக் மாணவி: சார், ஐ.டி.எஸ். (நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு) பாடத்தில் 'கான்செப்ட் ஆஃப் ஆபரேஷன்ஸ்' முதலில் வருகிறது, கருவிகள் பின்னால்தான் வருகின்றன. ஏன்?

அதுதான் சரியான வரிசை, அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு, தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையின் தொப்பூர் மலை இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது. கேமரா பார்த்துவிட்டது. பிறகு? திரையைப் பார்ப்பது யார்? ஆம்புலன்ஸுக்குச் சொல்வது யார்? பாளையம் சுங்கச்சாவடியிலேயே வண்டிகளை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? வடக்கிலிருந்து வரும் ஓட்டுநருக்குப் பலகையில் எந்த மொழியில் எழுதுவது? இவற்றுக்கெல்லாம் எல்லோருக்கும் புரிகிற நடையில் பதில் எழுதிவைக்கும் ஆவணம்தான் அது. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கட்டுப்பாட்டு அறையில் நேரில் பார்த்தேன். எட்டுத் திரையும் ஓடுகின்றன. நாற்காலியில் ஆள் இல்லை, அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரவு ஷிஃப்டுக்கு ஆள் போட வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி இல்லை. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காவேரிப்பட்டணம் லாரி ஓட்டுநர்: அண்ணா, எழுத்து மாறும் டிஜிட்டல் போர்டை எங்கே வைக்கணும்?

இறக்கம் தொடங்கும் முன்னாடியே வைக்கணும் தம்பி. 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். கண்ணில் பட்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக 2.5 விநாடி என்பது சாலை வடிவமைப்பில் எடுக்கும் கணக்கு. பிரேக் பிடிக்கும் முன்பே 55 மீட்டர் போய்விடும். பாதி இறக்கத்தில் போர்டைப் படித்தால் கியரைக் குறைக்க நேரம் இருக்காது. வாசகமும் முக்கியம். 'பாதுகாப்பாகச் செல்லவும்' என்றால் ஓட்டுநருக்கு ஒரு தகவலும் இல்லை. '3 கி.மீ.யில் விபத்து, இரண்டாம் கியர்' என்றால் கை தானாகக் கியருக்குப் போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள், தம்பி. எஞ்சின் பிடி போய்விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல்தான். பிரேக் டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. அதை எந்தப் போர்டாலும் தடுக்க முடியாது.

ஓசூர் வாசகர்: ஒரு சிக்னல் பச்சையில் தாண்டினால் அடுத்தது சிவப்பு. தீர்வு உண்டா?

'ஆஃப்செட்' என்று கேளுங்கள். ஒரு சிக்னலில் பச்சை விழுந்து எத்தனை விநாடி கழித்து அடுத்ததில் பச்சை விழுகிறது என்பதுதான் அது. இரண்டு சிக்னலுக்கு நடுவே 400 மீட்டர், வண்டிகள் 36 கி.மீ. வேகம் என்றால் கடக்க 40 விநாடி ஆகும். அடுத்த பச்சை 40 விநாடி தாமதமாக விழ வேண்டும். இரண்டுக்கும் சுற்று நேரம் (ஒரு பச்சையிலிருந்து மறு பச்சை வரை ஆகும் நேரம்) ஒன்றாக இல்லாவிட்டால் இது நாலு சுற்றுகூட நிலைக்காது.

சந்தூர் மாம்பழ வியாபாரி: ஃபாஸ்டேக்கில் பேட்டரி எங்கே இருக்கு?

பேட்டரியே இல்லை ஐயா. சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டாதீர்கள்.

பாலக்கோடு மாணவர்: பி.சி.யு. என்றால்?

'பாசஞ்சர் கார் யூனிட்'. சாலையில் போகும் எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றும் அளவு. ஊர்ப்புறச் சாலைக்கு இந்தியச் சாலைப் பேரவையின் 1990 வழிகாட்டியில் கார் 1, பைக் 0.5, பஸ் 3, மாட்டுவண்டி 8. உங்கள் ஊரில் கரும்பு டிராக்டர் டிரெய்லர் ஓடும் மாதத்தில் எண்ணிப் பாருங்கள். அது ஒன்றுக்கே 4.5.