துவக்கு எட்டும் தூரம்

கேள்வி: என் அப்பப்பா அந்தக் காலத்தில் தாரா வேட்டைக்குப் பேர்போனவர். நான் துவக்குக்குப் பதிலாகக் கமராவோடு போகிறேன். வீடு கோப்பாயில். வங்கி வேலை முடிந்து பின்னேரம் ஐந்து மணிபோல கைதடிப் பாலத்துக்கு எங்கள் பக்கக் கரையில் நிற்பேன். ஞாயிறு என்றால் காலை எட்டு மணிக்குப் போவேன். சில நாள் மண்டைதீவு, சில நாள் சரசாலைக் குருவிக்காடு. போன மாரி முழுவதும் அலைந்தும் கிடைத்தவை தாராக்களின் பின்பக்கமும் கறுப்புப் புள்ளிகளும்தான். கையில் இருப்பது பழைய சிறிய சென்சர் கமரா, 55–250 லென்ஸ், 10x25 பைனாகுலர். அடுத்த மாரிக்கு முன் 150–600 லென்ஸும் உருமறைப்பு உடையும் வாங்கலாமா? ட்ரோன் பயன்படுமா? கூட்டாளி ஒருவர், "ஒருநாள் துவக்கோடுதான் போய்ப் பார்ப்போமே" என்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.
— வாசகர், கோப்பாய்

பதில்: தம்பி, கூட்டாளியின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். காட்டுத் தாராவைச் சுடுவது குற்றம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறகு பல தடவை திருத்தப்பட்டு இறுக்கமாகியிருக்கிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் ஆகிவிட்டது. அப்பப்பாவின் காலம் வேறு. துவக்கை விடுவோம். அவரிடம் இருந்த மற்ற அறிவு உங்களுக்கு அப்படியே வேண்டும்.

சன்னம், அதாவது சிறு சிறு குண்டுகள், போடுகிற துவக்கு 35, 40 மீற்றருக்கு மேல் உதவாது. அதற்கு அப்பால் சன்னம் சிதறிப் பலம் இழந்துவிடும். அதனால் பழைய வேட்டைக்காரருக்கு ஒரே ஒரு கணக்குத்தான்: தாரா தானாக அந்தத் தூரத்துக்குள் வரவேண்டும். காற்று எங்கிருந்து, தண்ணீர் எவ்வளவு, எந்த நேரம், எங்கே குந்துவது என்றுதான் அவர்கள் மூளையைச் செலவழித்தார்கள். கையில் 600 மில்லிமீற்றர் லென்ஸ் வந்ததும் நாங்கள் அந்த வேலையை லென்ஸிடம் விட்டுவிட்டோம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய வரியில்தான் வில்லங்கம் இருக்கிறது: பின்னேரம், கோப்பாய்க் கரை.

தாரா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். மாரியில் எங்களுக்கு அடிப்பது வாடை, வடகிழக்கிலிருந்து. நீங்கள் பாலத்தின் கீழே கிடக்கும் உப்பாற்றுக் கடல்நீரேரியின் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து நிற்கிறீர்கள். அப்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் இறங்க வருகிற கூட்டம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து தலைக்கு மேலால் வந்து, அப்பால் போய் இறங்கும். கலைந்து எழும்பினாலும் காற்றை நோக்கி, அதாவது உங்களை விட்டு விலகித்தான் எழும்பும். வெளிச்சம் என்னவோ உங்கள் முதுகுக்குப் பின்னால் வடிவாக இருக்கும், ஆனால் அது விழுவது தாராவின் வாலில். போன மாரி முழுவதும் பின்பக்கம் கிடைத்ததற்குக் கமரா என்ன செய்யும்?

ஞாயிறு காலையில் அதே கரையில் நின்றால் இன்னும் மோசம். சூரியன் நேரே கண்ணுக்குள். கறுப்புப் புள்ளிகள் அங்கேதான் பிறந்தன.

பாலத்தைக் கடந்து கைதடிப் பக்கம் போங்கள், அதுவும் விடியப்புறம். இப்போது மேற்கைப் பார்த்து இருக்கிறீர்கள். சூரியனும் முதுகுப் பக்கம், வாடையும் முதுகுப் பக்கம். இறங்குகிற தாரா உங்களை நோக்கி, நெஞ்சில் வெயில் பட, சிறகை விரித்துக் காலை நீட்டிக்கொண்டு வரும். காற்றும் வெளிச்சமும் ஒரே பக்கம் நிற்கிற இந்த வசதி எங்கள் மாரிக்கால விடியலில்தான் கிடைக்கும், பின்னேரத்தில் கிடையாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் பிறந்த பிறகு கணக்கு மாறும், ஆனால் அதற்குள் வலசை வந்த இந்த விருந்தாளிகள் போய்விடுவார்கள்.

மார்கழி, தையில் சூரியன் ஆறரை மணியளவில் எழும்பும். நீங்கள் ஐந்தரைக்கே இடத்தில் இருக்கவேண்டும். தாராக்கள் பெரும்பாலும் இரவில் மேய்ந்து பகலில் திறந்த தண்ணீரில் கூட்டமாகக் கிடந்து இளைப்பாறும் சாதி. மழை பெய்து மாரிக்கால நெல் விளையும் காலபோக வயல்களில் தண்ணீர் நின்றால் இரவு மேய்ச்சல் அங்கேதான். கருக்கலில் கடல்நீரேரிக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே குந்தியிருந்தால் நீங்கள் கரையின் ஒரு பகுதி. எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் நீங்கள் ஆபத்து. கிழமை நாட்களில் வேலைக்குப் போகவேண்டும் என்பது புரிகிறது. பின்னேரம் ஐந்து நாள் போவதைவிட சனி, ஞாயிறு விடியல் இரண்டு போதும்.

எட்டு மணிக்கு இன்னொரு கெடுதியும் உண்டு. வெயில் ஏறியதும் உப்பு வெளியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கானல் எழும்பும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, தூரத்துப் படத்தில் தெரியும், சிறகெல்லாம் கரைந்ததுபோல. இதைப் போக்க எந்த லென்ஸாலும் முடியாது. லென்ஸ் நீளும்தோறும் கானலும் சேர்ந்து பெரிதாகும். இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, "சரியாக ஃபோகஸ் ஆகுதில்லை" என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லென்ஸ் கணக்கையும் பார்த்துவிடுவோம். எங்களிடம் அதிகம் வருகிற நீலச்சிறகித் தாரா சுமார் 40 சென்ரிமீற்றர் நீளம். 40 மீற்றர் தூரத்தில் 500 லென்ஸ் காட்டுகிற அளவை 20 மீற்றர் தூரத்தில் உங்கள் 250 காட்டும். பாதித் தூரம் நெருங்கினால் இரண்டு மடங்கு லென்ஸ் சும்மா கிடைத்த மாதிரி, கானலும் குறையும். 150–600 லென்ஸ் இரண்டு கிலோ அளவு பாரம் வேறு. ஒரு மாரி முழுவதும் 250 உடன் கைதடிப் பக்கம் இருந்து பாருங்கள். மாசியில் இன்னும் ஆசை இருந்தால் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பாவித்துவிட்டு முடிவெடுங்கள்.

காசு கையை அரித்தால் பைனாகுலரை மாற்றுங்கள். 10x25 என்பது பத்து மடங்கு பெருக்கம், 25 மில்லிமீற்றர் முன்கண்ணாடி. அது 25 ஐ 10 ஆல் பிரித்து இரண்டரை மில்லிமீற்றர் வெளிச்ச வட்டத்தைத்தான் கண்ணுக்குத் தரும். 8x42 ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் தரும். கருக்கலில் உங்கள் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த வித்தியாசம் பெரிது. எந்தக் கூட்டத்தில் ஊசிவால் தாரா இருக்கிறது, எது வெறும் நீலச்சிறகி என்று படம் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பத்து மடங்கு பெருக்கம் கையில் ஆடும், எட்டு அவ்வளவு ஆடாது.

உருமறைப்பு உடை வேண்டவே வேண்டாம். படையினரின் உடையைப் போன்ற துணியைப் போட்டுக்கொண்டு விடியப்புறம் ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்துக் கரையில் பதுங்கியிருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று யோசித்துப் பாருங்கள். தாரா பறக்கும் முன் நீங்கள் பொலிசில் இருப்பீர்கள். மங்கிய சாம்பல், மண் நிறத்தில் பழைய சேட், ஒரு தொப்பி போதும். முகத்துக்கு ஒரு துணி. வெள்ளைச் சேட்டையும் திடீர் அசைவையும் தாரா மன்னிக்காது.

மறைப்புக்கு எங்கள் ஊரில் இருப்பதைவிட நல்ல சாமான் கடையில் இல்லை. தென்னோலையில் பின்னிய கிடுகு இரண்டு, தடி மூன்று, அவ்வளவுதான். இடுப்பளவு உயரத்தில் கரையோரம் கட்டிவிட்டு, ஒரு கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள். பறவைகள் அதைப் பார்த்துப் பழகட்டும். காணிக்காரரிடமோ அந்தக் கரையில் தொழில் செய்பவரிடமோ முதலில் கேட்டுவிடுங்கள். உள்ளே ஒரு உரப்பையை விரித்துக் குந்துங்கள், நின்றுகொண்டு எடுக்காதீர்கள். கமரா தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட இருந்தால்தான் தாரா தாராவாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் சேற்றில் கிடக்கிற தேங்காய் மாதிரி இருக்கும். முக்காலிக்குப் பதிலாக அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றை நிலத்தில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்க்கலாம். கிடுகு கட்ட வழியில்லாத இடத்தில் ஆட்டோ நல்ல மறைப்பு. பாலத்து வீதியில் வாகனம் போவது தாராவுக்குப் பழக்கம், கதவு திறந்து மனிதக் கால் ஒன்று வெளியே வந்தால்தான் எழும்பும்.

நடந்து கிட்டப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் மண்டைதீவில் நானும் அப்படித்தான் போனேன். காய்ந்த தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. பத்து அடி வைப்பதற்குள் முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு இன்றுவரை அங்கேதான் இருக்கிறது, முக்காலி சரிந்து உப்புத் தண்ணீரில் விழுந்தது. நூறு மீற்றர் தள்ளித் தாராக்கள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன. தன் சிறகுவலையில் மீன் பார்க்க வந்த மீனவர் ஒருவர் என்னை இழுத்தெடுத்துவிட்டுக் கேட்டார்: "பேசாமல் குந்தியிருந்தால் அதுகள் தானா வருங்கள். நீங்கள் ஏன் போறியள்?" அவர் தினமும் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறார், தாராக்கள் அவருக்கு எழும்புவதில்லை. நடந்தபடியே இருப்பவரை அவை அறியும். நின்று முறைத்துப் பார்க்கிறவரைத்தான் அவைக்குப் பிடிக்காது.

சரசாலைக் குருவிக்காடு கண்டல் மரங்கள் நிறைந்த இடம், கொக்குக்கும் நாரைக்கும் போங்கள். மேற்பரப்பில் மேய்கிற தாராவுக்குக் கழுத்தை விட்டால் அடிச்சேறு எட்டவேண்டும், அதனால் முழங்காலுக்குக் குறைந்த ஆழம், திறந்த வெளி. மழைக்கு மழை அந்த இடம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் கடும் மழை பெய்தால் போன கிழமை நல்ல இடம் இந்தக் கிழமை ஆழமாகிவிடும். ஒரு சின்னக் கொப்பியில் திகதி, காற்று, தண்ணீர் எந்தக் கல்வரை நின்றது, எத்தனை தாரா என்று எழுதி வையுங்கள். இரண்டு மாரி எழுதினால் அந்தக் கொப்பிக்கு விலை கிடையாது. ஆனையிறவு, முகமாலைப் பக்கம் போனால் மிதிவெடிப் பலகைகளைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஐப்பசியில் வந்திறங்கும் ஆண் நீலச்சிறகி பெட்டையைப்போலவே மங்கலாக இருக்கும். கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைக் கீற்று தெளிவாக எடுபட மாசி, பங்குனி ஆகும். ஆகவே முதல் மாதங்களை இடம் பார்க்கவும் பழகவும் செலவழியுங்கள், நல்ல படத்தைப் பின்மாரியில் எதிர்பாருங்கள். பறக்கும் தாராவுக்கு 1/2000 ஷட்டர், மிதப்பதற்கு 1/500 போதும். ஆண் ஊசிவாலின் நெஞ்சு வெள்ளை வெயிலில் வெளுத்துப்போகும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மேய்கிற கூட்டம் தலை நிமிர்த்தி, மேய்ச்சலை விட்டு மெல்ல விலகத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறிவிட்டீர்கள். அசையாமல் இருங்கள். பங்குனியில் அவை சைபீரியாவரைகூடத் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற காலம், சும்மா எழுப்புகிற ஒவ்வொரு தடவையும் அதில் கை வைக்கிறோம். ட்ரோனைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. முழுக் கூட்டமும் எழும்பும், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் நீங்களும் எழும்பவேண்டி வரும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவையும் லென்ஸ் உடம்பையும் துடையுங்கள், உப்பு ஒரு இரவில் வேலையைக் காட்டும். கைதடிக் கரையில் வலைக்காரர் யாராவது தென்பட்டால் தாரா எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. திரும்பும்போது அவரிடம் ஒரு கிலோ இறால் வாங்குங்கள். விடியப்புறம் எங்கே போனீர்கள் என்று வீட்டில் கேட்டால் காட்டவும் உதவும்.