நன்றாக எழுதியும் என் பதிவுகள் கூகுள் தேடலில் ஏன் வருவதில்லை? தேடுபொறிகள் பக்கங்களை எப்படி வரிசைப்படுத்துகின்றன?

தவறாமல் எழுதுகிறேன், படித்தவர்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் தேடினால் என் பதிவு கண்ணில் படுவதே இல்லை; தேடுபொறி எதை வைத்து ஒரு பக்கத்தை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் வைக்கிறது, வலைப்பதிவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இணையதளங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேடுபொறி உங்கள் வலைப்பதிவுக்கு மொத்தமாக ஒரு இடம் ஒதுக்கி வைப்பதில்லை. ஒருவர் ஒன்றைத் தேடும்போது, அந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் பொருந்துகிறது என்று அப்போதைக்கு அப்போது பார்க்கிறது. ஒரே பதிவு ஒரு தேடலில் இரண்டாவதாக வரும், இன்னொன்றில் பத்துப் பக்கம் தள்ளியும் வராது. ஆகவே 'என் பிளாக் கூகுளில் எத்தனையாவது இடம்?' என்று கேட்டால் பதில் கிடையாது. 'இந்தத் தேடலுக்கு இந்தப் பதிவு எத்தனையாவது?' என்று கேட்டால்தான் உண்டு.

இன்னொன்று, வரிசைப்படுத்துவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பக்கம் இரண்டு கட்டங்களைத் தாண்டியாக வேண்டும். வரிசையில் பின்தங்கிவிட்டதாக நினைத்து வருத்தப்படும் பலருடைய பதிவுகள் அந்த வரிசைக்கே போய்ச் சேர்ந்திருக்காது.

முதல் கட்டம் க்ராலிங். கூகுள்பாட் என்ற நிரல் ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கத்தை அது கண்டுபிடிக்க வழியில்லை. தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் என்ற கோப்பைக் கொடுத்திருந்தால் முகவரியாவது தெரியவரும். மிதிவண்டி பழுதுபார்ப்பதைப் பற்றி மிக அருமையாக எழுதும் நண்பர் ஒருவர், தன் தளத்திலிருந்து ஒரு பக்கம்கூடத் தேடலில் வரவில்லை என்று சொன்னார். திறந்து பார்த்தேன். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதிக்குள், இந்தத் தளத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. தளத்தைக் கட்டும்போது யாரோ அதில் டிக் செய்திருக்கிறார்கள், பிறகு எடுக்கவில்லை. அவர் எழுதியதில் எந்தக் குறையும் இல்லை. அத்தனை உழைப்பும் ஒரு டிக்கால் மறைந்து கிடந்தது. அதனால் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ரோபோட்ஸ் கோப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பகுதிக்குள் நிரல்கள் வர வேண்டாம் என்று தளம் சொல்லும் இந்த ஏற்பாடு 1994-ல் உருவானது. 2022-ல்தான் அது முறையான இணையத் தரமாக வெளியிடப்பட்டது. ஒரு பக்கம் தேடலில் வரக்கூடாது என்றால் அந்தப் பக்கத்திலேயே 'நோஇன்டெக்ஸ்' என்று குறிக்க வேண்டும். அதே பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், நிரல் உள்ளே வராது. வராததால் நோஇன்டெக்ஸ் குறிப்பையும் படிக்காது. வேறு தளங்களில் அதற்கு லிங்க் இருந்தால், மறைக்க நினைத்த முகவரி தேடலில் எட்டிப் பார்க்கும். மறைக்க வேண்டுமென்றால் நோஇன்டெக்ஸ் மட்டும் போடுங்கள், ரோபோட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள்.

இரண்டாவது கட்டம் இன்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு இருக்குமே, தேடுபொறி வைத்திருப்பதும் அடிப்படையில் அதுதான், இணையம் முழுவதற்குமாக. 'மிதிவண்டிச் சங்கிலி ஏன் கழல்கிறது' என்று தேடினால், 'ஏன்' என்ற சொல் எங்கும் இருக்கிறது, அதனால் ஒரு பக்கத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்ட அது உதவாது. 'சங்கிலி', 'கழல்' போன்றவை குறைவான பக்கங்களில் இருப்பதால் அவற்றுக்கு எடை அதிகம். அரிய சொல்லுக்கு அதிக எடை என்ற இந்தக் கணக்கைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் 1972-லேயே எழுதிவிட்டார். இணையம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு!

கூகுள் வந்து படித்த எல்லாப் பக்கத்தையும் இன்டெக்ஸில் வைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் 'க்ரால் செய்யப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்று ஒரு நிலை காட்டும். வந்து படித்தாகிவிட்டது, வைத்துக்கொள்ளவில்லை என்று பொருள். பெரும்பாலும் இரண்டு வரி எழுதிய பதிவுகள், நூறு இடத்தில் ஏற்கெனவே இருப்பதையே திருப்பிச் சொன்னவை, காலியான குறிச்சொல் பக்கங்கள்தான் அங்கே போய் நிற்கும். ஒரே பதிவு இரண்டு மூன்று முகவரிகளில் கிடைத்தால் எது மூலம் என்று சொல்ல 2009 முதல் 'கெனானிக்கல்' குறி இருக்கிறது. அது ஒரு பரிந்துரைதான், கூகுள் வேறு முகவரியையும் தேர்ந்துகொள்ளலாம்.

இப்போது வரிசைக்கு வருவோம். தொண்ணூறுகளின் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களையே நம்பின. ஒரே சொல்லை ஐம்பது முறை எழுதிவைத்தவர் முன்னால் வந்துவிடுவார். ஸ்டான்போர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் வெளியிட்ட கட்டுரை, பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு மற்றவர்கள் அதை எப்படிச் சுட்டுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தது. அதுதான் பேஜ்ரேங்க். அதன் கணக்கு எளிது. ஒரு பக்கம் தன் மதிப்பில் 0.85 பங்கை, தான் லிங்க் கொடுக்கும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. மதிப்பு 4 உள்ள பக்கம் நான்கே பேருக்கு லிங்க் கொடுத்தால் ஆளுக்கு 0.85. அதே பக்கம் நானூறு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 0.0085. லிங்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வது ஏன் வீண் என்று இதிலேயே தெரிந்துவிடும். உங்கள் துறையில் மதிப்புள்ள ஒருவர், படித்துப் பிடித்துப்போய்த் தன் கட்டுரைக்கு நடுவே கொடுக்கும் ஒரு லிங்க், முகவரிகளை வெறுமனே அடுக்கி வைக்கும் அட்டவணைத் தளங்களில் போட்டுவைத்த நூறு லிங்குகளைவிடப் பெரிது.

மதிப்புள்ள எதையும் விற்க ஆள் வந்துவிடுவார்கள். லிங்க் கொடுப்பதற்கென்றே கட்டிய தளக் கூட்டங்களான லிங்க் பண்ணைகள் முளைத்தன, பின்னூட்டப் பெட்டிகளில் லிங்குகள் கொட்டின. 2005-ல், இந்த லிங்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி வந்ததும் பின்னூட்ட லிங்குகளுக்கு மதிப்பு போனது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் வரிசைமுறையில் கொண்டுவந்த பெங்குவின் மாற்றம், விலைக்கு வாங்கிய லிங்குகளை நம்பியிருந்த தளங்களைக் கீழே இறக்கியது. இன்றும் 'ஆயிரம் பேக்லிங்க் தருகிறோம், முதலிடம் உறுதி' என்று மின்னஞ்சல் வருகிறது (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க்). முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டிவிட்டு, இருந்த இடமும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள்.

லிங்கைத் தாண்டி இன்று நூற்றுக்கணக்கான அடையாளங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் முக்கியம், தேடுபவரின் நோக்கத்தைப் புரிந்துகொள்வது. 2019-ல் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் கொண்டுவந்தபோது ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தது. பிரேசிலிலிருந்து அமெரிக்கா செல்லும் பயணிக்கு விசா வேண்டுமா என்று ஒருவர் ஆங்கிலத்தில் தேடுகிறார். முன்பெல்லாம் சொற்கள் பொருந்தியதை வைத்து, பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கம் வந்துவிடும். எங்கிருந்து எங்கே என்பதைக் காட்டும் சின்னச் சொல்லை இப்போது இயந்திரம் கவனிக்கிறது. இப்படி மாறிய பிறகு, ஒரு கீவேர்டை, அதாவது மக்கள் தேடக்கூடிய சொல்லை, எத்தனை சதவீதம் எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பது நேர விரயம்.

முடிவுகள் பட்டியலில் மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பதும் சேர்கிறது. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில், தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023-ல் சாட்சி சொன்னார். நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு 13 மாதக் கிளிக் தரவைக் கொண்டு இயங்குகிறது என்று அப்போதுதான் நீதிமன்றத்திலேயே பதிவானது. தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை எழுதினால், வந்தவர் உடனே திரும்பி அடுத்த முடிவைத் திறப்பார். அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும் என்பது என் கணிப்பு.

வேகத்தைப் பற்றி ரொம்பவே பயமுறுத்துகிறார்கள். கூகுளின் அளவுகோல்படி பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும். நல்லதுதான், வாசகருக்காகவே செய்ய வேண்டியது. ஆனால் பொருத்தத்தில் பின்தங்கிய பக்கத்தை வேகம் தூக்கி நிறுத்தாது. கைப்பேசி விஷயம் அப்படியல்ல. கூகுள் இப்போது உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் படிக்கிறது. கணினியில் தெரிந்து கைப்பேசியில் வராத பத்தி, அதைப் பொறுத்தவரை எழுதப்படாத பத்தி. வாசகர் கண்ணில் படாமல் தேடுபொறிக்காகச் சொற்களை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டு பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம், வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினாலும் சாதாரண முடிவுகளில் இடம் உயராது. பழைய பதிவின் தேதியை மட்டும் மாற்றிப் புதிது போலக் காட்டுவதும் பயன் தராது.

ஆனால் தளத்தின் ஒட்டுமொத்தத் தரம் ஒவ்வொரு பதிவையும் பாதிக்கும். 2011-ல் பாண்டா மாற்றம், மேம்போக்கான கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்த தளங்களை இறக்கியது. 2022-ல் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற பெயரில் தளம் முழுவதையும் எடைபோடும் ஏற்பாடு வந்து, 2024 மார்ச்சில் மைய வரிசைமுறைக்குள் கலந்தது. தினம் ஒன்று போட்டே ஆக வேண்டும் என்று உப்புச்சப்பில்லாத பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போனால், நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய நாலு பதிவும் சேர்ந்து மங்கும்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு சொல். வேற்றுமை உருபுகள் சேர்ந்து நம் சொற்கள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். தேடுபவரோ பெரும்பாலும் வெறும் பெயர்ச்சொல்லைத் தட்டுவார், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். ஆகவே தலைப்பிலும் முதல் பத்தியிலும் அந்தச் சொல் உருபு ஏறாமல் ஒரு முறையாவது வரட்டும், மக்கள் புழங்கும் ஆங்கிலப் பெயரும் ஓரிடத்தில் இருக்கட்டும்.

மிதிவண்டி நண்பரிடம் திரும்புகிறேன். டிக்கை எடுத்த பிறகும் ஒரு பதிவுக்கு ஆளே வரவில்லை. அதன் தலைப்பு 'பட்டறை அனுபவங்கள் – 7'. உள்ளே போனால், கியர் மாற்றும்போது சங்கிலி ஏன் உட்பக்கமாக விழுகிறது, எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவரே கைப்பட எடுத்த படங்களோடு இருந்தது. அதே சிக்கலில் மாட்டியவர் 'பட்டறை அனுபவங்கள்' என்றா தேடுவார்? தலைப்பை 'கியர் மாற்றும்போது சங்கிலி உட்பக்கம் விழுந்தால் என்ன செய்வது' என்று மாற்றினார். விடையின் சாரத்தை முதல் பத்திக்குக் கொண்டுவந்தார், ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன தெரிகிறது என்று மாற்றுரை எழுதினார். அதிகம் படிக்கப்படும் தன் மற்ற பதிவுகளிலிருந்து இதற்கு லிங்க் கொடுத்தார். இந்த உள் லிங்க் வேலையைத்தான் வலைப்பதிவர்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். வெளியாரிடம் லிங்க் கேட்டுக் கெஞ்சுவதற்கு முன், நம் கையில் இருப்பதைக் கொடுக்கலாமே.

அவர் பதிவு நிற்பது அந்தப் படங்களால்தான் என்று நினைக்கிறேன். பொதுவான விளக்கங்களைத் தேடுபொறியே இப்போது செயற்கை நுண்ணறிவால் தொகுத்து மேலே காட்டிவிடுகிறது. 'கியர் என்றால் என்ன' என்ற பதிவைத் தேடி உள்ளே வர இனி அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கையில் கிரீஸோடு நின்று பார்த்தவர் சொல்வதைத் தேடி வருவார்கள். தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துப் புள்ளி போடக் கூகுள் அமர்த்தியிருக்கும் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்திருக்கிறது. அந்த மதிப்பீட்டாளர்கள் போடும் புள்ளி எந்தப் பக்கத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றாது. ஆனால் அமைப்பு எந்தத் திசையில் போகிறது என்று காட்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், இலவசம்தான். ஏற்கெனவே சேர்த்திருந்தால் செயல்திறன் அறிக்கையில் சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் உள்ள தேடல்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பதிவுகளைக் கூகுள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, மேலே வரக் கொஞ்சம்தான் பாக்கி. அந்தத் தேடல் என்ன கேட்கிறது, உங்கள் பதிவு அதற்கு எந்தப் பத்தியில் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். பதில் இல்லாத இடத்தில் எழுதிச் சேருங்கள், புதைந்து கிடந்தால் மேலே கொண்டுவாருங்கள். விளைவு தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப மாற்றாமல், பட்டியலில் அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.