பூ போட்ட கிரானி ஸ்கொயர்: கேட்டவங்களுக்கு ஆச்சியோட பதில்

குரோஷால, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னுற வேலையில, கிரானி ஸ்கொயர்ங்கற பூ சதுரம் போடுறதுல சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க, முடிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

தேவகோட்டையில இருந்து: ஆச்சி, 6 இதழ் பூ போட்டேன், பூ அழகா வந்துருச்சு, ஆனா சதுரமாக்க போனா கோணிக்கிட்டு போகுது. என் கைதான் சரியில்லையா?

உங்க கைமேல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி, கணக்குதான் இடிக்குது. சதுரத்துக்கு 4 மூலை, 6 இதழை நாலு மூலைக்கு எப்படி பிரிப்பீங்க? பூ போடும்போதே 8 இல்லன்னா 12 வர்ற மாதிரி ஆரம்பிச்சுடணும். நான் எப்பவும் 12தான். மேஜிக் ரிங் (இழுத்தா இறுகுற நூல் வளையம்) போட்டு 3 செயின் (சங்கிலித் தையல்), அதையும் ஒண்ணா எண்ணிக்கிட்டு இன்னும் 11 டபுள் குரோஷே (ஊசியில நூலை ஒரு தடவை சுத்திப் போடுற தையல்), மொத்தம் 12, இது பூவோட நடு. அடுத்த ரவுண்டுல கலர் மாத்தி ஒவ்வொரு இடைவெளியிலயும் ஒரு பஃப் ஸ்டிச் (பாதி முடிச்ச தையல் சிலதை ஒண்ணா சேர்த்து உப்பலா போடுறது), நடுநடுவுல 2 செயின், இப்ப 12 இதழ் ஆச்சு. மூணாவது ரவுண்டுல இடைவெளிக்கு 3 டபுள் குரோஷே, இது வரைக்கும் வட்டமாத்தான் இருக்கும் பயப்படாதீங்க. நாலாவது ரவுண்டுலதான் சதுரம் பிறக்கும், ஒவ்வொரு மூணாவது இடைவெளியிலயும் 3 ட்ரெபிள் (நூலை ரெண்டு தடவை சுத்திப் போடுறது), 2 செயின், 3 ட்ரெபிள் போட்டா அது மூலை, மத்த இடத்துல 3 டபுள். மூலைக்கு ட்ரெபிள் ஏன்னா அது உயரம், அங்கதான் தூக்கிக் குடுக்கணும்.

போட்ட 6 இதழை பிரிக்க மனசு வரலையா, அதுக்கும் வழி இருக்கு. 6 இடைவெளியிலயும் 4 டபுள் போட்டு 24 ஆக்கிடுங்க, அப்புறம் ஒவ்வொரு 6வது தையல்லயும் மூலை வைங்க, சரியா வரும்.

திருப்பத்தூர்: எனக்கு வட்டம் கிண்ணம் மாதிரி மேல தூக்குது.

தையல் பத்தல, இல்ல ரொம்ப இறுக்கிப் போடுறீங்க. ஓரம் அலை அலையா நின்னா தையல் அதிகம். ஒவ்வொரு ரவுண்டும் முடிஞ்சதும் எண்ணுங்க.

கானாடுகாத்தான்: புஸ்தகத்துல டபுள் குரோஷேன்னு இருக்கு, போட்டா படத்துல இருக்கறதை விட குட்டையா வருது ஆச்சி.

படத்துல உயரமா இருந்தா அது பிரிட்டிஷ் முறை புஸ்தகம் இல்ல, அமெரிக்க முறை, நீங்கதான் பிரிட்டிஷ் முறையில போடுறீங்க. பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்றது அமெரிக்கால சிங்கிள், அவங்க ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். நான் மேல சொன்னதெல்லாம் அமெரிக்க முறை.

காரைக்குடி: கலர் சேர்க்கவே தெரியல, கடையில போய் நின்னா குழம்பிப்போயிடுறேன்.

அடடா, காரைக்குடில இருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா! வீட்டுத் தரையைக் குனிஞ்சு பாருங்க. ஆத்தங்குடி கல்லே சதுரத்துக்குள்ள பூதானே, கண்ணாடி மேல அச்சு வச்சு ஆக்சைடு கலர் கலந்த சிமெண்டை கையால ஊத்தி செய்யறாங்க. ஒரு கல்லை எடுத்துக்கிட்டா கலர் கொஞ்சம்தான் இருக்கும், அந்த அளவோட நிறுத்தினதாலதான் கூடம் முழுக்க பதிச்சாலும் கண்ணை உறுத்தல. நீங்களும் 3 அல்லது 4 கலரோட நிறுத்துங்க, வெளி ஓரம் மட்டும் எல்லா சதுரத்துக்கும் ஒரே கலரா வைங்க. கண்டாங்கி சேலையோட கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்பு மூணையும் சேர்த்துப் பாருங்க, அவ்வளவு எடுப்பா இருக்கும். கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எனக்கு தலைகால் புரியல.

புதுவயல்: உல்லன் நூலா, காட்டனா? சிவப்பு சாயம் போகுமா?

நம்ம ஊரு வெயிலுக்கு காட்டன்தான், குஷன் கவரோ மேசை விரிப்போ எதுக்கும் நல்லது. கொஞ்சம் தடி நூலுக்கு 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசி போதும். சிவப்பு, கருப்பு வாங்கினா ஒரு துண்டு நூலை நனைச்சு வெள்ளைத் துணில வச்சு அழுத்திப் பாருங்க, ஒட்டுச்சுன்னா அதை வெள்ளையோட சேர்க்கவே சேர்க்காதீங்க. இதுல மட்டும் சமாதானமே கிடையாது, மாசக்கணக்குல உழைச்சது ஒரு அலசல்ல போயிடும். முடிச்சதும் நனைச்சு பிழிஞ்சு, துண்டு மேல விரிச்சு நாலு மூலைலயும் குண்டூசி குத்தி நிழல்ல காய வைங்க. உல்லன்னு கடையில விக்கறது நிறைய அக்ரிலிக்ங்கற செயற்கை நூல்தான், அதுல இஸ்திரிப் பெட்டி பட்டுச்சுன்னா சப்பையாயிடும், ஆவி மட்டும் தள்ளி காட்டுங்க.

பள்ளத்தூர்: கட்டில் விரிப்புக்கு எவ்வளவு நூல் வாங்கணும் ஆச்சி?

முதல்ல ஒரே ஒரு சதுரம் முழுசா போட்டு, அளந்து, சமையல் தராசுல எடை போடுங்க. 15 சென்டிமீட்டர் வந்துச்சுன்னு வைங்க, 150க்கு 210 விரிப்புக்கு 10க்கு 14, 140 சதுரம். ஒரு சதுரத்தோட எடையை அதால பெருக்கி, இணைக்கறதுக்கும் ஓரம் கட்டறதுக்கும் கொஞ்சம் கூடவே சேர்த்துக்குங்க. எல்லாத்தையும் ஒரே தடவையா, லேபிள்ல லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்ட நூல்னு காட்டுற எண்) ஒண்ணா இருக்கான்னு பாத்து வாங்கிடுங்க.