மாணவர்களைக் கண்மாய்க்கு அனுப்பலாம், அரிவாளை வாங்கி வைத்துவிட்டு

கேள்வி: தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலோரக் கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம்தான். எங்கள் ஊரில் விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து கண்மாய், ஊருணிப் பாதுகாப்புக் குழு ஒன்றை நடத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் பிளஸ் 1 மாணவர்களை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். சீமைக் கருவேலம் வெட்ட வேண்டும், மரக்கன்று நட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அனுப்ப விருப்பம். தலைமையாசிரியருக்குத் தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளை விடப் பயம். போகிற பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொண்டு வரவும் வேண்டும். எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். மரம் வெட்டுகிற வேலையை மட்டும் ஏற்காதீர்கள்.

குழுவினர் ஆள் கேட்கிறார்கள் என்றாலும் அவர்களுக்கு உண்மையில் ஆள் பஞ்சம் இல்லை. நாற்பது பிள்ளைகள் நாலு சனிக்கிழமை வெட்டுகிற முள்ளை ஒரு ஜேசிபி அரை நாளில் பெயர்த்துப் போட்டுவிடும். அவர்களிடம் இல்லாதது கணக்கு. மனுவோடு அதிகாரி முன்னால் நிற்கும்போது "முன்னெல்லாம் சித்திரை வரைக்கும் தண்ணீர் நிற்கும், இப்போது மாசியிலேயே வற்றிவிடுகிறது" என்பார்கள். எந்த ஆண்டு, எத்தனை அடி, எந்தத் தேதி என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். விவசாயிக்கு வாரந்தோறும் அளந்து எழுத நேரம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் மணியும் அடிக்கும், நோட்டும் இருக்கும், ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் வருவான். உங்களிடம் இருப்பதும் அவர்களிடம் இல்லாததும் அதுதான். ஆகவே ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள், ஓராண்டு முழுக்க அளந்து எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இதைக் குழுவினரோடு உட்கார்ந்து பேசி, "உங்களுக்கு எந்தக் கணக்கு இருந்தால் உதவும்?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர்கள் கேட்காத கணக்கை எழுதினால் அது பள்ளிக்கூட வீட்டுப்பாடமாகப் போய்விடும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடிமரத்தை வெட்டினால் அது சாகாது, பக்கத்தில் நாலு துளிர் விடும். வேரோடு பெயர்த்தால்தான் வேலை முடியும். அது பிள்ளைகள் கையால் ஆகிற வேலை இல்லை. முள் குத்தினால் சீழ் வைக்கும். இன்னொன்றும் உண்டு: நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த மரத்தைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். "அரக்கன் மரம்" என்று மேடையில் முழங்குவதற்கு முன் அவன் வீட்டில் அடுப்பு எரிவது எதனால் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது, நாட்டுக் கருவேலத்தையும் சீமையையும் பிரித்தறிவதை. நாட்டுக் கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் உருண்டை. காய் மணிமாலை போல இடைக்கிடை இறுகியிருக்கும். சீமையின் பூ வெளிறிய நீளக் கதிர். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் போன்ற கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதற்கு நாட்டுக் கருவேலம் முக்கியமான மரம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025இல் சேர்ந்த அந்த இரண்டு சரணாலயங்களும் அடிப்படையில் பாசனக் கண்மாய்கள்தான். வித்தியாசம் தெரியாத கையில் அரிவாள் இருந்தால் இரண்டு மரமும் போய்விடும்.

முதல் வேலை நடை. ஜூலையில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் காய்ந்து கிடக்கும்போது. மலைப்பகுதியில் நீர்ப்பிடிப்புப் பகுதி எது என்று மேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் தரை கிட்டத்தட்ட தட்டையானது. இங்கே கண்மாய்ச் சங்கிலியே நீர்ப்பிடிப்பின் வரைபடம். மேல் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியே வழிவது கீழ் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. கடைசியில் மிஞ்சுவது கடலுக்கு. கடலோர ஊராகிய உங்களுடையது பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணி. மேலே எந்த ஊரில் அடைபட்டாலும் பாதிப்பு உங்களுக்கு. அதனால் உங்கள் ஊருணிக் கரையில் நடையைத் தொடங்கி, வரத்துக்கால் வழியாக மேல் ஊர்க் கண்மாயின் கலுங்குவரை போங்கள். குழுவில் வயதான ஒருவரை, முடிந்தால் முன்பு நீர்ப்பாய்ச்சியாக மடை திறந்தவரை, உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த மடை எப்போது திறக்கும், பாலம் கட்டும்போது குழாயை எவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டார்கள், தண்ணீர் எங்கே தேங்கி எந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நடக்கும்போது கால்வாயின் அகலத்தை நூறு அடிக்கு ஒருமுறை நாடாவால் அளந்து எழுதட்டும். வருவாய்த்துறையின் புலப்படத்தில் இருக்கும் அகலத்தைப் பிறகு பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நோட்டில் அளவு மட்டும் இருக்கட்டும், எவர் பெயரும் வேண்டாம். ஆக்கிரமித்தவர் என்று சொல்லப்படுபவரின் மகள் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டமும் அலுவலகமும் இருக்கின்றன. ஊர் வம்பில் பிள்ளைகளை இழுத்துவிட்டால் அடுத்த மாதம் எந்தப் பெற்றோரும் அனுப்ப மாட்டார்கள்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் ஊருணியில் படித்துறை இருந்தால் அதுவே அளவுகோல். ஒவ்வொரு படியின் உயரத்தையும் ஒரே ஒருமுறை அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரந்தோறும் சனிக்கிழமை, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது, கடைசிப் படியில் எத்தனை செ.மீ. நனையாமல் இருக்கிறது என்று கரையில் நின்றபடியே பார்த்து எழுதிவிடலாம். கணக்கு ஆசிரியரை இங்கே இழுத்துவிடுங்கள். நீர்ப்பரப்பு ஒரு ஏக்கர் என்றால் ஒரு செ.மீ. இறங்குவது ஏறத்தாழ 40,000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 2,700 குடம். "ஊரில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை குடம்? மீதி எங்கே போனது?" என்று கேட்டுப் பாருங்கள். வெயில் குடித்தது, மண் குடித்தது, யாரோ மோட்டார் வைத்து இறைத்தது என்று வகுப்பு மூன்றாகப் பிரிந்து சண்டை போடும். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டும், அமர்த்திவிடாதீர்கள்.

மழையளவும் அப்படித்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டில் ஒன்றும் அளவுகோலும் போதும். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்காதீர்கள். வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. உங்கள் பிள்ளைகளும் அதே நேரத்தில் பார்த்தால் ஒப்பிட முடியும். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 820 மி.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்துவிடும். அந்த மூன்று மாதம் நோட்டில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. பள்ளிக்கு எதிரே குடியிருக்கும் பிள்ளை ஒருவரிடம் விடுமுறைப் பொறுப்பைக் கொடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் மூன்றாவது கணக்கு உப்பு. மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கடலுக்கு நூறடி தள்ளி நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதனால் மணலுக்குள் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே அந்த ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடிக்கு உப்பு ஏறிவரும் என்பதும் அதே கணக்குதான். ஆழ்துளைக் கிணறு போட்டு இழுத்த தெருவில் தண்ணீர் ஏன் கரித்தது என்பதற்கு இயற்பியல் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. ஊருணியில் நீர் நின்றால் சுற்றுக் கிணறுகளில் உப்புக் குறைகிறதா என்பதை உங்கள் பிள்ளைகள் சோதிக்கலாம். குழுவுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) போதும். ஊருணிக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடலோரம் ஒன்று என்று மூன்று கிணறுகள். மாதம் இருமுறை, அதே நேரத்தில், அதே ஆழத்தில் நீர் எடுக்க வேண்டும். பாட்டிலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசிய பிறகே நிரப்ப வேண்டும். மீட்டரைக் கடல்நீரில் முக்காதீர்கள். அதன் அளவுக்கு மேல் போய்விடும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்பார்கள். மீட்டர் காட்டுவது உப்பை மட்டும்தான், கிருமியை அல்ல. 300 காட்டியது என்று ஒரு பையன் ஊருணி நீரை அப்படியே குடித்துவிடப் போகிறான், சொல்லி வையுங்கள். இறால் பண்ணை அருகே இருந்தால் உங்கள் எண்கள் சண்டைக்குக் காரணமாகலாம். ஒவ்வொரு அளவையும் இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எடுத்து இருவரும் கையெழுத்திடட்டும். வெளியே சொல்லுமுன் ஒரு மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. மண் அள்ளிய கண்மாய்களில் திடீர்ப் பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் நின்றுவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளையும் சேற்றில் சிக்கிவிடும். ஆகவே விதி ஒன்றே: எந்தப் பிள்ளையின் காலும் நீரில் படக்கூடாது, கை கழுவக்கூட இறங்கக் கூடாது. நான் மேலே சொன்ன அளவுகள் எல்லாம் கரையிலிருந்து எடுக்கக்கூடியவை. அதற்காகவே அவற்றைச் சொன்னேன். நாற்பது பேரை ஒரே நாளில் அழைத்துப் போகாதீர்கள். பத்துப் பேர் கொண்ட நான்கு அணி, முறைவைத்து. ஒவ்வொரு அணியோடும் ஓர் ஆசிரியரும் குழுவிலிருந்து நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும். நீளக் கயிறும் காற்றடைத்த டியூப்பும் உடன் இருக்கட்டும். பெற்றோர் ஒப்புதல் கையெழுத்துக் கட்டாயம். குழுவினர் எடுக்கும் படங்களில் பிள்ளைகளின் முகம் வருவதற்கும் அதே தாளில் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். பதாகை பிடித்து நிற்க வைக்கும் ஆசை எந்தக் குழுவுக்கும் கொஞ்சம் உண்டு.

அனுமதி விஷயம் சுருக்கமாக: ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியத்திடம், ஊருணி பெரும்பாலும் ஊராட்சியிடம். பார்த்து அளக்க ஒரு தகவல் கடிதம் போதும். மண்ணைத் தொடுவது, மரத்தைத் தொடுவது என்றால் முறையான அனுமதி வேண்டும். சதுப்புநிலக் காடு, தீவு, சரணாலயம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் போகவே போகாதீர்கள்.

நடுவது வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தால் பனை விதை கேளுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களைப் பொறுக்கி, மழைக்கு முன் கரையோரத்தில் ஒரு சாண் ஆழத்தில் ஊன்றிவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம்.

கற்றல் என்றீர்கள். ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் இருபது நிமிடம் வகுப்பில் உட்கார வையுங்கள். பார்த்தது, எண், புரியாதது, யாரிடம் கேட்கலாம் என்று நாலு வரி எழுதினால் போதும். நீளக் கட்டுரை எழுதச் சொன்னால் "நீரின்றி அமையாது உலகு" என்று தொடங்கிவிடுவார்கள். இந்த நேரம் முழுவதும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கில் சேரும். வருகைப் பதிவை அன்றன்றே முடித்துவிடுங்கள்.

முடிவை வைக்க இடம் கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தையொட்டியும் கிராம சபை கூடுகிறது. மழைக்காலக் கணக்கு முடிந்து, நீர் இறங்கத் தொடங்கியிருக்கும் நேரம் அது. ஒரே தாளில் மழை, படி, உப்பு மூன்றையும் கோடுகளாக வரைந்து, இரண்டு பிள்ளைகள் ஐந்து நிமிடம் விளக்கட்டும். கோரிக்கை வைப்பது குழுவின் வேலை. பிள்ளைகள் எண்களை மட்டும் சொன்னால் போதும். தேர்வு நேரத்தோடு மோதாமல் இருக்க, தாளை பிப்ரவரியிலேயே தயார் செய்துவிடுங்கள்.

அரசு ஆசிரியருக்கு இடமாறுதல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நோட்டுக்கு முதல் மாதத்திலிருந்தே மூன்று நகல்கள் வையுங்கள்: ஒன்று பள்ளியில், ஒன்று குழுவிடம், ஒன்று ஊராட்சிச் செயலரிடம். அடுத்த ஜூனில் புதிய பிளஸ் 1 அணிக்கு அளக்கக் கற்றுத்தருவது பிளஸ் 2 போன பிள்ளைகளின் பொறுப்பு. அதற்கு இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும், பிறகு அவர்களைப் பொதுத்தேர்வுக்கு விட்டுவிடுங்கள்.