மீன் பெட்டி நுரையை என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். கணவர் சந்தையில் மீன் வியாபாரம் செய்கிறார். ஐஸ் போட்டு மீன் வரும் வெள்ளை நுரைப் பெட்டிகள் வீட்டுப் பின்புறம் குவிந்து கிடக்கின்றன. பெட்ரோலில் கரைத்தால் நல்ல பசை கிடைக்கும், ஒழுகும் தகரக் கூரையை அடைக்கலாம் என்கிறார் கொழுந்தனார். சிமெண்டில் கலந்து கல் செய்யலாம் என்கிறான் மகன். பழைய சாமான்காரரோ தொடவே மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: மகன் சொல்வதைச் செய்யலாம் அம்மா. கொழுந்தனார் சொல்வது வேண்டவே வேண்டாம்.

இந்த நுரை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அது பெட்ரோலில் கரைவது உண்மைதான். உள்ளிருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறி, கொழகொழவென்று ஒரு கூழ் மிஞ்சும். தீப்பிடித்தால் அந்தக் கூழ் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டே எரியும். போரில் வீசிய நேபாம் என்ற தீக்குண்டின் பிற்கால வகை ஒன்றைப் பாலிஸ்டைரீன், பெட்ரோல், பென்சீன் மூன்றையும் கலந்துதான் செய்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கொல்லையில் கிளறினாலும் தரையோடு தரையாகத் தவழ்ந்து சமையலறை அடுப்பு வரை வந்துவிடும். இத்தனை ஆபத்துக்குப் பிறகாவது கூரை அடைபடுமா என்றால், அதுவும் இல்லை. காய்ந்த பாலிஸ்டைரீன் விறைப்பானது. வெயிலில் தகரம் விரிந்து சுருங்கும்போது கீறல் விட்டுவிடும், வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் பொடியும். கூரைக்கு வன்பொருள் கடையில் விற்கும் தார் ஒட்டுப்பட்டையே போதும்.

பெட்டிகளை எரிப்பதும், பழைய சட்டியில் போட்டு உருக்குவதும் கூடாது. கரும்புகையோடு, பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீன் ஆவியும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற வரிசையில் சேர்த்தது. திறந்தவெளியில் குப்பை எரிப்பது மலேசியாவின் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.

பழைய சாமான்காரர் மீது கோபப்பட வேண்டாம். நுரைப் பெட்டியில் ஏறக்குறைய 98 விழுக்காடு வெறும் காற்று. ஒரு கன மீட்டர் நுரை பொதுவாக 15 முதல் 30 கிலோதான் இருக்கும். சின்ன லாரியில் ஐந்து கன மீட்டர் முட்ட முட்ட ஏற்றினாலும் 150 கிலோவைத் தாண்டாது. குழிவான பெட்டிகள் என்றால் அதுவும் வராது. டீசல் காசுக்குக் கட்டுமா? நுரையை நசுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் உள்ள தொழிற்சாலைகள், 50 பங்கு இடம் பிடித்ததை ஒரு பங்காகக்கூட ஒடுக்கிவிடும். அந்தக் கட்டிகள்தான் பிறகு படச் சட்டமாகவும், சுவர் ஓரப் பட்டையாகவும், துணி மாட்டியாகவும் மாறுகின்றன. சந்தையில் மற்ற மீன்காரர்களும் சேர்ந்து, கழுவிக் காயவைத்து, ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் அப்படி ஒரு தொழிற்சாலையிடம் பேசிப் பார்க்கலாம். ஒரு வீட்டுக் குவியலை மட்டும் வைத்துக்கொண்டு காசு பார்க்க முடியாது. அதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க நான் தயாரில்லை.

சரி, மகனின் கல்லுக்கு வருவோம். முதலில் நுரையைத் தரம் பிரியுங்கள். ஒடித்தால் 'டக்'கென்று முறிந்து, முறிந்த இடத்தில் சவ்வரிசி மாதிரி மணி மணியாகத் தெரிந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. பழங்களுக்குப் போடும் மெல்லிய வலை ஒடியாது, வளையும், அது பாலிஎத்திலீன். மெத்தைப் பஞ்சு பாலியூரத்தேன். இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் நகச்சாயம் அழிக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். பாலிஸ்டைரீன் அந்த இடத்தில் குழி விழுந்து அமிழும். குழம்பு படிந்த சாப்பாட்டுப் பெட்டிகளையும் இதில் சேர்க்க வேண்டாம், அவை குப்பைக்குத்தான்.

மீன் பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் சிமெண்டு பிடிக்காது. அப்புறம் கம்பிவலை மேல் வைத்துத் தேய்த்து, மொச்சைக்கொட்டையைவிடச் சிறிய துணுக்காக்குங்கள். இதைக் காற்றடிக்காத இடத்தில், கீழே பெரிய பை விரித்து, நுரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துச் செய்ய வேண்டும். காய்ந்த துணுக்கு கை, சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஒட்டும். காற்றடித்தால் நேரே சாக்கடைக்குப் போய்விடும். உங்கள் வட்டாரத்தில் இது சாதாரண விஷயமில்லை. அந்தக் காலத்தில் படகுகளைத் தரைமேல் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோன பெனாரிக்கான் பாதை அங்கேதான் இருக்கிறது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்டிங் ஆறு பகாங் ஆற்று வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போகிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் கடலில்தான் போய் நிற்கும்.

கலவைக்கு ஒரு வாளி சிமெண்டு, இரண்டு வாளி மணல், மூன்று வாளி நுரைத் துணுக்கு. கலக்கும் வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் நுரை மேலே மிதக்கும், சிமெண்டு அடியில் தங்கும். கொஞ்சம் தண்ணீரில் ஒரு கரண்டி வெள்ளைப் பசை கலந்து, முதலில் துணுக்கை நனையுங்கள். அதன்மேல் சிமெண்டைத் தூவி, ஒவ்வொரு துணுக்கும் சாம்பல் பூசிக்கொள்ளும் வரை பிரட்டுங்கள். மணல் அதற்குப் பிறகுதான். மீதித் தண்ணீரைச் சிறுகச் சிறுக விடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக்கூடாது. ரப்பர் கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும்.

பலகை அச்சின் உள்பக்கம் பழைய சமையல் எண்ணெயைத் தடவிவிட்டுக் கலவையைப் போட்டு, கட்டையால் மெல்ல அழுத்துங்கள். ஓங்கி இடித்தால் நுரை மறுபடி மேலே வந்துவிடும். மறுநாள் அச்சைக் கழற்றி, நிழலில் ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லின் எடை சாதாரண கான்கிரீட்டில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

பாரம் தாங்கும் சுவருக்கும் தூணுக்கும் இந்தக் கல்லைப் போட வேண்டாம். பூச்சட்டிக்கு அடிக்கல், பாத்தி ஓரம், கோழிக்கூட்டுத் தரை இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம். அடுப்பு, விறகு எரியும் இடம் பக்கம் மட்டும் வேண்டாம். மழையில் நனையும் இடமென்றால் மேலே விரல் கனத்துக்குச் சிமெண்டு பூசிவிடுங்கள், ஓரத்தில் துணுக்கு உதிராது.

உடையாத பெட்டிகளை உடைக்கவே வேண்டாம். அடியில் நாலைந்து ஓட்டை போட்டுக் காங்கோங் கீரை விதையுங்கள். வெளிப்பக்கம் சாயம் அடித்தால் வெயிலுக்கு இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். தண்ணீரில் கரையும் சுவர்ச் சாயமாக வாங்குங்கள். தின்னர் கலந்த சாயம் பட்டால் பெட்டியே கரைந்துபோகும்.